கமராவை இப்போது வாங்கிக் கொடுக்க வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன கிழமை மகளின் தொழில் பற்றி ஆலோசனை கேட்க நீங்கள் என்னிடம் வந்தபோது வெளியில் இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. அந்தக் குறை மனதில் கிடக்கிறது. உங்களைப் போல இன்னும் பல பெற்றோர் இதே கேள்வியோடு வருவதால், பெயர் ஊர் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சையை வர்த்தகப் பிரிவில் இரண்டு முறை எழுதிய உங்கள் பிள்ளை, மூன்றாம் முறை எழுத மாட்டேன், படப்பிடிப்புத்தான் என் தொழில் என்று நிற்கிறாள். சுவிஸில் இருக்கும் சித்தப்பா "கமரா நான் அனுப்புறன்" என்று சொல்லிவிட்டார். நீங்களோ, "பொம்பிளைப் பிள்ளை கலியாண வீடு கலியாண வீடாகக் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சால் அது என்ன பிழைப்பு சேர்?" என்று கேட்டுக் கண் கலங்கினீர்கள்.

நான் ஆலோசனை சொல்லி இந்தத் தொழிலுக்குப் போன ஒரு பெடியன் இருக்கிறான். தொழில் தெரியாமல் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லக் கூடாது என்பதற்காக, ஒரு ஆவணி மாதம் அவனோடு ஒரு கலியாணத்துக்கு நாள் முழுக்கக் கூடவே போனேன். விடிய நாலு மணிக்குப் பொம்பிளை வீட்டில் நின்றோம். கோல விளக்குக் கூட இன்னும் ஏற்றவில்லை. அவன் முதலில் செய்த வேலை படம் எடுப்பது இல்லை. எந்த யன்னலால் வெளிச்சம் வருகிறது, பொம்பிளையை எங்கே இருத்தலாம், பெரியம்மா யார், தாய்மாமன் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டு மனதில் பதித்துக்கொண்டான். பிறகு மண்டபம். கூறை மாற்றிவந்த பொம்பிளை மணவறையில் இருக்கிறாள். ஓமப்புகை கண்ணைக் கரிக்கிறது. ஐயர் தாலித் தட்டைச் சபைக்குக் காட்டி எடுத்துவந்ததும், யாரும் அசைய முன்னரே இவன் சின்ன ஸ்ரூலில் ஏறிவிட்டான். அடுத்த கணம் கெட்டிமேளம். தேங்காய் உடைகிறது, அறுகரிசி பறக்கிறது, முன்வரிசையில் இருந்த அத்தனை கைப்பேசிகளும் ஒரேயடியாக உயர்கின்றன. முடிச்சு விழுந்து முடிய எனக்குப் பத்து விநாடி போலத்தான் இருந்தது. பிறகு கேட்டபோது சொன்னான்: "மேளம் கேட்ட பிறகு ஏறினால் மாமாமாரின்ரை முதுகுதான் படத்திலை வரும் சேர். சடங்கு முழுக்க மனப்பாடம் இருக்கவேணும்."

அவனுடைய கமராவில் இரண்டு மெமரி காட். எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிகிறது. ஒன்று பழுதானாலும் மற்றதில் இருக்கும். வீட்டுக்கு வந்தவுடன் குளிக்கக்கூடப் போகாமல் இரண்டு வன்தட்டில் பிரதி எடுத்தான், மூன்றாவது பிரதியைத் தமக்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தான். அதைப் பார்த்தபோது என் தங்கச்சியின் கலியாணம் நினைவு வந்தது. அவளுடைய படங்களை எடுத்தவர் எல்லாவற்றையும் ஒரே வன்தட்டில் வைத்திருந்து, அது பழுதாகி, அல்பம் போட முன்னரே அவ்வளவும் அழிந்துபோயிற்று. அன்று எங்கள் அம்மா சிரித்த முகத்தோடு நின்ற படங்கள் அதற்குள் இருந்தன. அம்மா போன பிறகு சொந்தக்காரரின் கைப்பேசிகளில் தேடித் தேடி, மங்கலான இரண்டு படம்தான் கிடைத்தது. ஆகவே உங்கள் மகள் யாரிடம் பழகப் போனாலும், படங்களை எத்தனை இடத்தில் வைக்கிறீர்கள் என்று முதலில் கேட்கட்டும்.

சரி, பொம்பிளைப் பிள்ளை என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொம்பிளை வெளிக்கிடும் நேரம் ஆண் படப்பிடிப்பாளர் அறைக் கதவுக்கு வெளியில்தான் நிற்க வேண்டும். தாய் மகளுக்குத் தலையில் பூ வைத்துவிடும் நேரம், அம்மம்மா தன் சங்கிலியைக் கழற்றிப் பேத்திக்குப் போட்டுவிடும் நேரம் எல்லாம் அந்த அறைக்குள்தான் நடக்கிறது. பெரியபிள்ளையானவளுக்குச் செய்யும் சாமத்தியவீட்டில் இது இன்னும் அதிகம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை சேலையும் நகையுமாகக் கூச்சத்தோடு நிற்கும்போது, கமராவுக்குப் பின்னால் ஒரு அக்கா நின்றால் அந்த முகம் இளகும். பெண் படப்பிடிப்பாளர் வேண்டும் என்று கேட்டுவரும் குடும்பங்கள் இங்கே யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு இது ஒரு பலம்.

இதோடு ஒரு விசயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சின்னப் பிள்ளையின் படங்களைத் தொழில் விளம்பரத்துக்காக முகநூலில் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. பெற்றோர் சம்மதித்தாலும், அந்தப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். உங்கள் மகள் இதைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்கிக்கொண்டால் தாய்மார் அவளை நம்பி அழைப்பார்கள்.

இரவுப் பயணத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வரவேற்பு விருந்து முடிய இரவு பத்து, பதினொன்று ஆகும். குழுவாக வேனில் போய்வரும் இடத்தில், இன்னொரு பெண்ணும் வேலை செய்யும் இடத்தில் சேருவது நல்லது. அதை நீங்களே நேரில் போய்ப் பார்த்துக் கேளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கலியாண வீட்டை மட்டும் வைத்து இந்தத் தொழிலை அளந்துவிடாதீர்கள். ஆடியில், புரட்டாதியில், மார்கழியில் இங்கே கலியாணம் இல்லை. தை தொடங்கினால் வேலை நெருக்கும். ஆவணியில் புலம்பெயர்ந்த சொந்தங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கும் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்கும் சேர்த்து வந்து நிற்பதால் மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் அடுப்பு எரிய வேறு வேலை வேண்டும்.

அந்த வேறு வேலைகளில் எனக்கு மதிப்பானது ஸ்ரூடியோ. அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் பதிவுபெற்ற ஸ்ரூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும். நேராகப் பார்த்து, வாய் மூடி, முகத்தில் நிழல் விழாமல் எடுக்க அளவுகள் இருக்கின்றன. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் ஒரு நாள் அப்படி ஒரு கடையில் நான் காத்திருந்தபோது, கனடாவில் இருக்கும் மகனிடம் போவதற்காக ஒரு வயதான அம்மா வந்தார். கமராவைக் கண்டதும் தோள் இறுகி, கண் விரிந்து, பயந்த முகம். அங்கே வேலை செய்த பிள்ளை கமராவைத் தொடவே இல்லை. "அம்மா, மகனுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டாள். பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த முகம் தெளிந்தது. பிறகுதான் எடுத்தாள். பல குடும்பங்களில் இப்படிக் கடவுச்சீட்டுக்கு எடுத்த படம்தான் பின்னொரு நாளில், இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்துக்கும், சுவரில் மாலை போட்டு மாட்டுவதற்கும் போகிறது.

பழைய படங்களைத் திருத்திக் கொடுப்பதும் ஸ்ரூடியோ வேலைதான். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் வலிகாமத்தில் இருந்து சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எத்தனையோ வீட்டு அல்பங்கள் அப்படியே கிடந்து போயின. கறையான் அரித்த ஒரு குழுப்படத்தைக் கொண்டுவந்து, அதில் ஓரத்தில் நிற்கும் அண்ணாவை மட்டும் பெரிதாக்கித் தாருங்கள் என்று கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அந்த வேலையைப் பொறுமையும் பரிவும் இருப்பவரிடம்தான் கொடுக்க முடியும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். விடுதிகளும் உணவகங்களும் தங்கள் அறையையும் சாப்பாட்டையும் படம் எடுப்பிக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காணி, வீடு காட்டப் படம் வேண்டும். தொண்டு நிறுவனங்கள் தங்கள் திட்டங்களைப் பதிவுசெய்ய ஆள் தேடுகின்றன, அதற்கு ஆங்கிலத்தில் படவிளக்கம் எழுதத் தெரிய வேண்டும். பத்திரிகைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மட்டும் நம்பி வீடு நடத்துவது கடினம். ஏட்டுச்சுவடிகளையும் பழைய பத்திரிகைகளையும் படம் எடுத்துக் கணினியில் சேமிக்கும், அதாவது எண்ணிமப்படுத்தும், ஆவண வேலையும் ஒன்று. 1981இல் பொதுநூலகம் எரிந்த ஊரில் அந்த வேலையின் பெறுமதியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இணையத்தில் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் நூலக நிறுவனம் 2005இல் இருந்து இதைச் செய்துவருகிறது. ட்ரோன் படமும் இப்போது கேட்கிறார்கள். அதற்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையில் பதிவும், பறக்கவிட அனுமதியும் வேண்டும். இரவல் ட்ரோனைக் கொண்டுபோய்க் கோட்டைக்கு மேல் விட்டுப் பார்க்கிறேன் என்று பிள்ளை வெளிக்கிட்டால் தடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குத் தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் கமரா பிடித்தால், மூன்று நான்கு நாள் கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும். இரண்டாயிரம் படத்தில் நானூறைத் தெரிவது, நிறம் சரிபார்ப்பது, அல்பம் அடுக்குவது, அத்தையின் படம் ஏன் இல்லை என்று வரும் தொலைபேசிக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது. கசூரினாக் கடற்கரையில் மணலும், குறிகட்டுவானில் இருந்து தீவுகளுக்குப் போகும் வள்ளத்தில் உப்புக்காற்றும் கமராவுக்குள் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து, காற்றுப்புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பைகளோடு வைப்பதும் அன்றாட வேலை. முதுகுவலியும் வரும். இவ்வளவையும் கேட்ட பிறகும் அவள் கண்ணில் ஆசை இருந்தால் அது உண்மையான ஆசை.

காசுக் கணக்கு. ஒரு கமராவும் லென்ஸும் 6 லட்சம் ரூபா என்று வையுங்கள். நாலு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். வருடத்தில் 30 வேலை கிடைத்தால், ஒவ்வொரு வேலையிலும் 5,000 ரூபா கமராவின் பங்கு. அதை எடுத்து வைத்த பிறகு, உதவியாளருக்கு, வேனுக்கு, அல்பம் அச்சடிக்க, கடைசியில் மிஞ்சுவதுதான் அவளுடைய உழைப்பு. இந்தக் கணக்கைப் போடாமல், பக்கத்துக் கடையை விடக் குறைத்துத் தருகிறேன் என்று தொடங்கியவர்கள் கமரா பழுதான அன்று கடைக்குப் பூட்டுப் போட்டதைக் கண்டிருக்கிறேன். வர்த்தகம் படித்த உங்கள் மகளுக்கு இந்தக் கணக்கு வரும். அவள் படித்த இரண்டு வருடமும் வீண் என்று சொன்னீர்களே அம்மா, தேய்மானமும் செலவுக் கணக்கும் தெரிந்த படப்பிடிப்பாளர்கள் குறைவு.

ஓய்வூதியம் இல்லாத வேலை என்பதும் உண்மை. சுயதொழில் செய்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. முதல் உழைப்பில் இருந்தே அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. சித்தப்பாவிடம் நன்றி சொல்லி, கமரா அடுத்த வருடம் அனுப்பினால் போதும் என்று சொல்லுங்கள். எந்த வகை வேலைக்குப் போகப்போகிறாள் என்று தெரியாமல் வாங்கும் கமரா பாதிக் காசை வீணாக்கும். தையில் இருந்து ஆவணி வரை நல்ல பெயர் எடுத்த ஒருவரிடம் உதவியாளராகப் போகட்டும். விளக்கைப் பிடிக்கட்டும், பற்றரி சார்ஜ் போடட்டும், நல்ல படங்களைத் தெரிவுசெய்து பழகட்டும். சம்பளம் சிறிதாக இருந்தாலும் சம்பளம் என்று ஒன்று இருக்க வேண்டும். அதே நேரம், படப்பிடிப்பில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எங்கே படிக்கலாம் என்று உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். வெளிநாட்டுக்கோ நிறுவன வேலைக்கோ போக நேர்ந்தால் அந்தத் தாள் கைகொடுக்கும். கிழமையில் இரண்டு நாள் ஆங்கில வகுப்பு, முடிந்தால் பேச்சுச் சிங்களமும். கொழும்பு விளம்பர வேலைக்கு அது வேண்டும். உயர்தரம் மூன்றாம் முறை எழுதுவதா இல்லையா என்பதை விண்ணப்பம் கேட்கும்போது முடிவு செய்வோம், இன்றைக்கே சண்டை பிடிக்க வேண்டாம்.

மார்கழி முடிய முன்னர் ஒரு சனிக்கிழமை மூவருமாக வாருங்கள். அப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளை தன் கைப்பேசியில் எடுத்த படங்களில் இருபதைத் தெரிந்து கொண்டுவரட்டும். அதில் குறைந்தது ஐந்து படம் வீட்டு ஆட்களின் முகமாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களுடைய படமும் ஒன்று இருக்கட்டும்.