கனடாவில் பூர்வகுடிப் பெண்கள் திருமணத்தால் சட்டத் தகுதியை இழந்தது ஏன்?

தகுதி என்பது, கனடாவின் 1876ஆம் ஆண்டு ‘இந்தியர்’ சட்டத்தின்படி (இங்கே ‘இந்தியர்’ என்பது அந்நாட்டுப் பூர்வகுடிகளைக் குறித்த பழைய சொல்) அரசுப் பதிவேட்டில் பூர்வகுடியாகப் பெயர் இருப்பதாகும். மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்த்த காலனிய நோக்கால், தகுதி இல்லாத வெளியாரை மணந்த பெண்ணின் பெயர் நீக்கப்பட்டது. வெளியாளை மணந்த ஆணின் மனைவிக்கோ தகுதி கிடைத்தது. கல்யாணமானதும் ரேஷன் அட்டையில் மகளின் பெயரை அடித்துவிட்டு மருமகளின் பெயரைச் சேர்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மகளுக்குப் புது அட்டையே கிடையாது.

1985ஆம் ஆண்டுத் திருத்தம் இழந்தவர்களுக்குத் தகுதியை மீட்டுத் தந்தபோதிலும், பாகுபாட்டை ஒரு தலைமுறை தள்ளித்தான் வைத்தது என்பேன். அண்ணனும் தங்கையும் 1985க்கு முன்பு வெளியாரை மணந்திருந்தால், அண்ணனின் பிள்ளைகளுக்கு முழுத் தகுதி கிடைத்தது. தங்கையின் பிள்ளைகளுக்கோ, தகுதியுள்ள துணை இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கடத்த முடியாத அரைகுறைத் தகுதிதான் கிடைத்தது. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து ஷரன் மெக்ஐவர் என்ற பூர்வகுடிப் பெண் தொடுத்த வழக்கில் 2009இல் வந்த தீர்ப்பையடுத்து ஒரு திருத்தமும், 2017இல் மற்றொன்றும் வந்தன. பிந்தையது 2019இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

தகுதி இல்லாதவர் பூர்வகுடியே அல்லர் என்று பலர் எண்ணுவது தவறு. மெட்டி (பூர்வகுடி–ஐரோப்பியக் கலப்பு வழியினர்), இன்யூட் (ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகள்) மக்கள் இந்தப் பதிவேட்டின்கீழ் வராவிட்டாலும் அரசியலமைப்பு அவர்களைப் பூர்வகுடிகளாகவே ஏற்கிறது.