குரல் தெளிவாக வேண்டுமா? ஆவணப்பட ஒலிப்பதிவு கேள்வி-பதில்

கே: கேமராவிலேயே மைக் இருக்கிறதே, பேட்டிக்கு அது போதாதா?

ப: போதாது. பேசுகிறவர் ஆறடி தள்ளி இருந்தால் மைக்கும் ஆறடி தள்ளித்தான் இருக்கிறது. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் இறங்கும். ஒரு சாண் தூரத்துக்கும் ஆறடிக்கும் இடையே 18 டெசிபல் போய்விடும். அறையின் எதிரொலி மட்டும் குறையாது. விலை உயர்ந்த மைக்கை ஆறடியில் வைப்பதைவிட, சாதாரண காலர் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துவது மேல்.

கே: வீட்டுக்குள் ஃபேனை நிறுத்தினால் பெரியவர்கள் வியர்த்துப் போகிறார்கள். இரைச்சலை எடிட்டிங்கில் நீக்கிக்கொள்ளலாமா?

ப: ஓரளவுதான். மென்பொருளை அழுத்திப் போட்டால் இரைச்சலோடு சகரமும் வார்த்தைகளின் கடைசி எழுத்துகளும் மழுங்கும்; தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். கதைப்படமானால் டப்பிங் இருக்கிறது. ஆவணப்படத்தில் அந்தப் பாட்டி அதே வார்த்தையை அதே மூச்சோடு இன்னொரு முறை சொல்லமாட்டார்.

பத்து நிமிடம் பேச்சு, பிறகு ஃபேனைப் போட்டு மோர் கொடுங்கள், மறுபடி பேச்சு. ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள், வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போடுவீர்கள். அறைக்குள் நுழைந்ததும் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். டைல்ஸ் போட்ட ஹால் கணகணக்கும். மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை அடக்கமாக இருக்கும். ஹாலை விட்டால் வேறு வழியில்லை என்றால், ஃபிரேமுக்கு வெளியே ஜமுக்காளம் விரித்து, போர்வை தொங்கவிடுங்கள்.

ஃபேனைத் திரும்பப் போடுமுன் எல்லோரும் வாய்மூடி ஒரு நிமிடம் அந்த அறையின் ஆம்பியன்ஸை, அதாவது யாரும் பேசாதபோது அங்கே இருக்கும் மெல்லிய பின்னணி ஒலியைப் பதிவு செய்யுங்கள். இருமலை வெட்டிய இடத்தில் அதை நிரப்பாவிட்டால், அங்கே ஒலி பொத்தென்று செத்துப்போகும்.

கே: கடற்கரையில் காற்று மைக்கை அடிக்கிறது. ஸ்பாஞ்ச் உறை போட்டும் பயனில்லை.

ப: ரோமம் வைத்த உறை வேண்டும். படகு மறைவிலோ சுவர் ஓரத்திலோ ஆளை உட்கார வையுங்கள். 80 ஹெர்ட்ஸில் லோ கட் போடுங்கள்; அதற்குக் கீழே உள்ள காற்றின் கனத்த உறுமலை அது வடிகட்டும்.

கே: ரெக்கார்டரில் ஒலி லெவல் எவ்வளவு வைப்பது?

ப: ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு, உரக்கப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். பதிவுத் தர அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மிக உரத்த ஒலியையும் மிக மெல்லிய ஒலியையும் சிதையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் லெவல் தவறைக் காப்பாற்றும், தூரத்தில் வைத்த மைக்கைக் காப்பாற்றாது.

கே: பட்டுப்புடவை உரசும் சத்தத்தை எப்படித் தவிர்ப்பது?

ப: நெசவாளர் வீட்டு அம்மா ஒருவரைப் பதிவு செய்தபோது உரசலைவிடத் தாலிச் சங்கிலிதான் என்னைப் படுத்தியது. மகனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் கை நெஞ்சுக்குப் போகும். ஹெட்ஃபோனில் ‘டிக், டிக்’ என்று கேட்கும். நகையைக் கழற்றச் சொல்ல மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது. மைக்கைச் சங்கிலி தொடாதபடி தோள் பக்கம், முந்தானை மடிப்பின் ஓரத்துக்கு ஏற்றினோம். மைக்குக்குக் கீழே வயரைச் சிறு வளையமாகச் சுற்றி, மருந்துக்கடை மைக்ரோபோர் டேப்பால் ஒட்டினோம். மைக்கின் இரண்டு பக்கமும் துணியை டேப் ஒட்டிப் பிடித்திருந்தால் உரசாது. மைக் பொருத்துவதைக் குழுவிலுள்ள பெண்ணோ அந்த அம்மாவோ செய்யட்டும். கூடவே தலைக்கு மேலே ஒரு பூம் மைக்கை (நீளக் கம்பு முனையில் மாட்டிய மைக்) தனி டிராக்கில் ஓடவிடுங்கள். அன்று அந்த அம்மா அழுதபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்ட இரண்டு நிமிடத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது பூம் குரல்தான்.