ஓடலாம் வாங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 52. நாலு வருடமாக ஓடுகிறேன். போன மாதம் எங்கள் ஊரில் நடந்த 10 கி.மீ. ஓட்டத்தில் 1 மணி 4 நிமிடத்தில் முடித்து, பெண்கள் '45 வயதுக்கு மேல்' பிரிவில் நான்காவதாக வந்தேன். மூன்றாவது வந்தவருக்கு வயது 45, வித்தியாசம் 40 விநாடி. இன்னமும் மனசு ஆறவில்லை. "உடம்புக்குத்தானே ஓடுகிறாய், போட்டி எதற்கு?" என்கிறார்கள் வீட்டில். நான் ஆசைப்படுவது தப்பா?
- வாசகி, கோவை

பதில்: தப்பே இல்லை. 52 வயதில் 40 விநாடிக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்றால் ஓட்டம் உங்களுக்குள் நன்றாக இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதை யாருக்காகவும் அடக்கிக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் கோபமே அதன் மேல்தான். 45-க்கு மேல் எல்லோரும் ஒரே கூடையில் என்றால் 45 வயதுக்காரரும் 63 வயதுக்காரரும் ஒரே கோப்பைக்கு ஓடவேண்டும். மூத்தோர் தடகளத்தில் உலக அளவில் 35 வயதிலிருந்தே ஐந்தைந்து வருடமாகப் பிரிக்கிறார்கள். பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி பெற, 2026 கணக்குப்படி, 45-49 வயதுப் பெண்களுக்கு 3 மணி 45 நிமிடம், 50-54க்கு 3 மணி 50 நிமிடம். அந்த ஐந்து நிமிடம் சலுகை இல்லை, உடம்பின் உண்மை.

இன்னொரு கணக்கும் உண்டு, 'ஏஜ் கிரேடிங்' என்பார்கள். உங்கள் வயதுக்கென்று வைத்திருக்கும் மிகச்சிறந்த நேரத்தில் நீங்கள் எத்தனை சதவீதம் எட்டினீர்கள் என்று பார்ப்பது. இணையத்தில் கால்குலேட்டர் இருக்கிறது, இரண்டு பேர் நேரத்தையும் போட்டுப் பாருங்கள். ஏழு வயது இடைவெளிக்கு 40 விநாடி ஒன்றுமே இல்லை, அதில் நீங்கள்தான் முன்னால் இருப்பீர்கள்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. கடைசி ஒரு கிலோமீட்டரில் எனக்கு முன்னால் நரைத்த கொண்டையோடு ஒருவர், முதுகில் வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் என் பிரிவா இல்லையா, எப்படித் தெரியும்? நெஞ்சில் குத்தியிருக்கும் பிப் எண்ணில் வயதா போட்டிருக்கிறது! என் பிரிவுதான் என்று வைத்துக்கொண்டு விரட்டினேன், பிடிக்க முடியவில்லை, ஆனால் அந்த வருடத்தின் என் சிறந்த நேரம் அதுதான். முடித்த பிறகு தண்ணீர் மேசை பக்கத்தில் நின்று அரை மணி நேரம் பேசினோம், அவருக்கு 61.

வீட்டில் கேட்டால் ஜீனி ரைஸ் பற்றிச் சொல்லுங்கள். 1948-இல் பிறந்தவர், 2024 லண்டன் மாரத்தானை 76 வயதில் 3 மணி 33 நிமிடத்தில் முடித்தார். உடம்புக்காக மட்டும் ஓடுகிறவர் அப்படி ஓடமாட்டார்.

சரி, அடுத்த முறைக்கு. விதிமுறையைப் பதிவு செய்யும்போதே படியுங்கள்: வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள், பரிசு சிப் நேரத்துக்கா (நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்களோடு இருக்கும் சிப் எண்ண ஆரம்பிக்கும்), துப்பாக்கி வெடித்த நேரத்திலிருந்தா. துப்பாக்கி நேரம் என்றால் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாலே 40 விநாடி போய்விடும், முன்வரிசைக்குப் போங்கள். அப்புறம், உங்கள் குழுவில் இருக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, 45-54, 55-64 என்றாவது பிரிக்கச் சொல்லி அமைப்பாளர்களுக்கு இப்போதே எழுதுங்கள். அந்த வயதில் பெண்கள் வருவதில்லை என்று சொன்னால், கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலைக் காட்டுங்கள்.