நார்வேயில் சைக்கிள் பயணம்: கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு

கேள்வி: ஜூன் கடைசியில் ஆஸ்லோவிலிருந்து டோவ்ரே மலை வழியாக ட்ரொன்ஹெய்முக்குத் தனியாகச் சைக்கிளில் போகிறேன். அறை எடுத்தால் கட்டுபடியாகாது. காட்டோரம் கூடாரம் அடித்துத் தங்குவதாகத் திட்டம். 2 கிலோ கூடாரம் ஒன்றையும், ‘மைனஸ் 5 டிகிரி’ என்று அச்சிட்ட ஸ்லீப்பிங் பேக்கையும் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? கேஸ் அடுப்பை இங்கிருந்தே கொண்டுபோகலாமா?

பதில்: ஸ்லீப்பிங் பேக்குக்கு இன்னும் பணம் கட்டாதீர்கள். முதலில் அதன் லேபிளைப் புரட்டிப் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்கான ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்தது என்றால் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என மூன்று வெப்பநிலை இருக்கும். அந்த மைனஸ் 5 எது? எக்ஸ்ட்ரீம் என்றால் அது உயிர் பிழைப்பதற்கான கணக்கு, தூங்குவதற்கானது அல்ல. டோவ்ரேயில் சாலை 1,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. கோடையிலும் இரவில் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கலாம். கம்ஃபர்ட், அதாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு, 0 டிகிரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கீழே விரிக்கும் பாயைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. உடல் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு தட்டையாக நசுங்கிவிடும். அங்கே குளிரைத் தடுப்பது பாய் மட்டுமே. பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர்-மதிப்பு 3-க்குக் குறையக் கூடாது. கூடாரத்தில் மிச்சம் பிடித்தாவது இதை நல்லதாக வாங்குங்கள்.

கூடாரத்தில் எடையைப் பார்த்தீர்கள், கம்பியை மடித்தால் என்ன நீளம் என்று பார்த்தீர்களா? 50 செ.மீ. என்றால் சைக்கிளின் பக்கப் பையில் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 40 செ.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. நார்வே மலையில் பல இடங்களில் நாலு விரல் மண்ணுக்குக் கீழே பாறை. கூடாரத்தைத் தரையோடு பிடித்து நிறுத்தும் முளை இறங்காது, வளையும். அதனால் முளை இல்லாமலே நிற்கும் கூடாரம்தான் சரி, குகை போல நீளும் வகை வேண்டாம். பைகளும் உள்ளே வர வேண்டுமே, இருவர் அளவு வாங்குங்கள். இரட்டைத் துணி, மேலே காற்றுத் திறப்பு இரண்டும் கட்டாயம். இல்லாவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரமே விடிகாலையில் உள்துணியிலிருந்து சொட்டும்.

அடுப்பின் பர்னரைக் கொண்டுபோகலாம். கேஸ் குப்பிக்கு விமானத்தில் இடமில்லை, கைப்பையிலும் சரி, லக்கேஜிலும் சரி. உங்கள் பர்னர் திருகு வகை என்றால் அங்கே போய்த் திருகு மறை உள்ள குப்பி வாங்குங்கள். அழுத்திப் பூட்டும் வகையும் விற்கிறார்கள், அது திருகு வகை பர்னரில் சேராது. ஒருவர் சிக்கனமாகச் சமைத்தால் 230 கிராம் குப்பி சுமார் ஒரு வாரம் வரும். காற்றடித்தால் சீக்கிரம் தீரும். விறகு அடுப்பு வாங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டப் பொதுத் தடை உண்டு.

தங்க இடம் தேடும்போது, ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி அடியுங்கள். ஊர்ப்பக்கம் ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்க அனுமதி கேட்க வேண்டும். பயிர் நிலத்தில் கூடவே கூடாது. இப்படிக் கூடாரம் அடித்துத் தங்குவது நார்வேயின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை.

கடை திருப்பி வாங்கும் நாளுக்குள் கூடாரத்தை மொட்டைமாடியில் நிறுத்தி, ஹோஸ் குழாயால் 20 நிமிடம் நனையுங்கள். தரைத்துணியின் நான்கு மூலைத் தையலையும் கையால் தடவுங்கள். ஈரம் தட்டினால் மாற்றிக் கேளுங்கள்.