கிளுவைக்கும் வாத்துக்கும் ஒரே தண்ணீர்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், திருத்துறைப்பூண்டி

கேள்வி: பத்து வருடமாக வாத்து மேய்க்கிறேன். இந்த முறை சம்பா அறுத்த வயலில் இறக்கப் போனால், “கோடியக்கரைக்கு வந்த பறவையிடமிருந்து உன் வாத்துக்கு நோய் ஒட்டியிருக்கும், வேறு ஊர் பார்” என்கிறார்கள். உண்மையா டாக்டர்? (கோட்டூர்)

தம்பி, ஒட்டலாம் என்பது உண்மை. ஒட்டிவிட்டது என்பது டீக்கடைப் பேச்சு.

பறவைக்காய்ச்சல் வைரஸுக்குப் பிறந்த வீடே காட்டு வாத்தும் கரைப்பறவையும்தான். கிளுவை, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி இவற்றின் குடலில் வீரியம் குறைந்த வகைகள் சத்தமில்லாமல் தங்கி, எச்சத்தோடு தண்ணீரில் இறங்கும். தை, மாசியில் உங்கள் வாத்து பகலில் உதிர்நெல் பொறுக்கிய வயலுக்கே ராத்திரி கிளுவையும் மேய வரும். இரண்டும் முகம் பார்த்துக்கொள்ளக்கூட வேண்டாம், தண்ணீர் போதும்.

ஆனால் இது ஒருவழிப் பாதை இல்லை. எச்5, எச்7 வகைகள் கொல்லும் வீரியம் பெறுவது பெரும்பாலும் பண்ணைக் கோழிக்குள் புகுந்த பிறகுதான். அப்புறம் அதுவே காட்டுப் பறவைக்கும் திரும்பும். இந்தியாவில் இந்நோய் முதலில் தெரிய வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்து நவாப்பூர் கோழிப்பண்ணைகளில். 2021 தொடக்கத்தில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் எச்5என்8. அதே சமயம் இமாச்சலத்து பாங் அணையில் ஆயிரத்துக்கும் மேல் வரித்தலை வாத்துகள் செத்தன, அங்கே எச்5என்1. ஒரே பருவம், இரண்டு வைரஸ். யார் யாருக்குக் கொடுத்தது என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: வெளியூரில் வாங்கிய வாத்தை வந்த அன்றே பழைய கூட்டத்தோடு கலக்காதீர்கள். ஒரே நாளில் நாலைந்து செத்தால், அல்லது கழுத்து திருகி, கண் வெளுத்துப் போனால், கால்நடை மருந்தகத்துக்கு அன்றே போங்கள். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் அழிப்பார்கள், அழித்ததற்கு இழப்பீடு உண்டு. பயந்து ராவோடு ராவாக லாரி ஏற்றி விற்றால், நோய்க்கு நீங்களே டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி.

கேள்வி: உப்பளத்தில் வலை கட்டி உள்ளான் பிடித்து, வாயில் குச்சி விட்டு நோய்ச் சோதனைக்கு மாதிரி எடுக்கிறார்கள். நன்றாக இருக்கும் பறவையை ஏன் படுத்த வேண்டும்? (கல்லூரி மாணவி, வேதாரண்யம்)

நல்ல கேள்வி அம்மா. நானும் அந்தக் குச்சி விட்டவன்தான்.

செத்த பறவை, நோய் வந்து முடிந்த கதையைச் சொல்லும். வாடாமல் பறக்கிற பறவைதான் எதைச் சுமந்து திரிகிறது என்று சொல்லும். அதனால் பிடிக்கிறோம். கொசு உள்ளான் ஒரு தோசைக்கரண்டி மாவு எடைகூட இராது, முப்பது கிராமுக்குள்தான். கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு, முதுகை உள்ளங்கையில் சாய்த்துப் பிடித்தால் அடங்கிவிடும். அதன் நெஞ்சுத் துடிப்பு நம் கையில் தையல் மிஷின் மாதிரி ஓடும். தொண்டையில் ஒரு பஞ்சுக்குச்சி, எச்சத்துளையில் ஒன்று. குச்சி மருந்துக் குழாயில், குழாய் ஐஸில். காலில் எண் பொறித்த அலுமினிய வளையம், எடை, இறக்கை நீளம், கை திறந்தால் போயிற்று. பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. கொழுகொழுவென்ற வாத்தாக இருந்தால் ரத்தமும் எடுக்கலாம். முன்பு நோய் வந்து போனதா என்பது அதில் தெரியும்.

பிடிப்பதைவிட அனுப்புவதுதான் பாடு. ஒரு மார்கழியில் இரண்டு ராத்திரி கண்விழித்து எடுத்த குழாய்களைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துப் பஸ் ஏறினேன். ஐஸ் போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். திருவாரூரில் இறங்கித் திறந்தால், வெந்நீர் இல்லாத குறைதான். அத்தனையும் வீண். போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடம் எவ்வளவு பெரியதானாலும் சூடேறிச் செத்த வைரஸை என்ன செய்யும்?

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1957ல் கர்நாடகத்து ஷிமோகா பக்கம் குரங்குகள் கொத்தாகச் செத்தன, மனிதருக்கும் காய்ச்சல். கியாசனூர் காட்டுநோய் என்பது அதன் பெயர். ரஷ்யப் பக்கத்திலிருந்து வலசைப் பறவைகள் உண்ணி கொண்டுவந்தனவோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, பறவை அறிஞர் சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது அப்படித்தான். நோயோ அந்தக் காட்டு உண்ணிகளிடமே சுற்றிக்கொண்டிருந்தது. சந்தேகத்தில் கட்டிய வளையம்தான் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் நமக்குச் சொன்னது.

கேள்வி: வாத்து முட்டை சாப்பிடலாமா? (மன்னார்குடி)

தாராளமாக. 70 டிகிரியில் வைரஸ் செத்துவிடும். அரைவேக்காடு மட்டும் வேண்டாம்.

கேள்வி: முத்துப்பேட்டை அலையாத்தி ஓரம் காலில் வளையத்தோடு ஒரு பறவை செத்துக் கிடந்தது. பறவைக்காய்ச்சலா? (மீனவர்)

பார்த்துச் சொல்ல முடியாது அண்ணே. 2019 நவம்பரில் ராஜஸ்தான் சாம்பர் ஏரியில் ஏறக்குறைய 18,000 பறவைகள் செத்தபோது எல்லோரும் பறவைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். சோதித்தால் அது பாட்டுலிசம், சேற்றுப் பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு. இறக்கையும் கழுத்தும் தொய்ந்து, நீந்த முடியாமல் மூழ்கிச் செத்திருந்தன.

வெறும் கையால் தொடாதீர்கள். வளையத்தின் எண் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள், இடத்தையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாய் இழுத்துப் போகாமல் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து, மேலே கல் வைத்துவிடுங்கள். அந்தக் கூடையை மறுபடி மீனுக்கு எடுக்க வேண்டாம்.