பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு வெள்ளாட்டுப் பால் கொடுக்கலாமா? இரண்டின் புரதங்களும் வேறுதானே?

வேறுதான், ஆனால் ஒவ்வாமையிலிருந்து காப்பாற்றும் அளவுக்கு வேறல்ல. எங்கள் மகளுக்கு ஒன்றரை வயதில் பசும்பால் ஒவ்வாமை உறுதியானபோது, வெள்ளாட்டுப் பால் லேசாகச் செரிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொன்னதைக் கேட்டு, காய்ச்சி ஆறவைத்து இரண்டு கரண்டி கொடுத்தேன். கால் மணி நேரத்துக்குள் உதட்டைச் சுற்றித் தடிப்பு எழும்பி, கண்ணிமை வீங்கிவிட்டது.

பெரியவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு பாலிலும் 100 மில்லிக்கு ஏறக்குறைய 3 முதல் 3.5 கிராம் வரை புரதம் உண்டு. அதில் பெரும்பகுதி, பால் திரியும்போது கட்டியாகும் கேசீன் என்ற புரத வகை. பசும்பாலில் ஆல்ஃபா எஸ்1 என்ற கேசீன் மிகுதி. வெள்ளாட்டுப் பாலில் பீட்டா கேசீனே மேலோங்கி, ஆல்ஃபா எஸ்1 ஆட்டின் மரபணுவைப் பொறுத்து அறவே இல்லாமலும் கணிசமாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் தனித்தனியே எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: பசும்பால் கெட்டியாகத் திரளும், வெள்ளாட்டுப் பால் சிறு சிறு துணுக்குகளாக உதிரும். உறை ஊற்றினாலும் தயிர் தளர்வாகவே நிற்கும். வயிற்றிலும் இப்படி இளகலாக உறைவதால்தான் லேசாகச் செரிக்கும் என்ற பேச்சு வந்தது.

ஆனால், ஒவ்வாமை என்பது செரிமானச் சிக்கல் அல்ல. புரதத்தின் வடிவத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாக அடையாளம் காண்பது. பசுவின் கேசீனும் வெள்ளாட்டின் கேசீனும் அமினோ அமில வரிசையில் மிக நெருங்கியவை; தாய்ப்பாலில் இல்லாத பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் இரண்டு பாலிலும் இருக்கிறது. ஆகவே பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வெள்ளாட்டுப் பாலும் ஒவ்வாது. எருமைப் பாலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பீட்டா கேசீன் ஏ2 வகை என்பதைச் சொல்லி விற்கப்படும் பாலும் ஒவ்வாமைக்கு மாற்றாகாது.

உங்கள் குழந்தைக்கு இருப்பது லாக்டோஸ் செரியாமை என்றாலும் பயனில்லை, அந்தச் சர்க்கரை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரு வயது நிரம்பாத குழந்தை என்றால் இன்னொரு தடையும் உண்டு: வெள்ளாட்டுப் பாலில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் மிகக் குறைவு, அதையே முதன்மை உணவாகக் கொடுத்து வளர்த்த குழந்தைகளுக்கு இரத்தசோகை வந்திருக்கிறது. ஒவ்வாமை மருத்துவர் பரிந்துரைக்கும், புரதம் நன்கு சிதைக்கப்பட்ட பால்மாவைக் கேளுங்கள். வீட்டில் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.