வாசகர் கேள்வி – பதில்: வீட்டிலேயே இசைத்தட்டைக் கணினியில் ஏற்றுவது

கேள்வி: அப்பா எழுபதுகளில் கல்முனையில் லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விட்டவர். திருவிழா, கலியாண வீடு என்று அவர் போட்ட இசைத்தட்டுகள் இரண்டு மரப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. ஒன்லைனில் சூட்கேஸ் மாதிரி மடிக்கிற யூஎஸ்பி பிளேயர் மலிவாக இருக்கிறது. அதை வாங்கினால் போதுமா?
– வாசகர், கல்முனை

பதில்: வாங்காதீர்கள். அந்தச் சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் காட்ரிஜ்தான் (ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றுகிற பாகம்) இருக்கும், ஊசி ஐந்து கிராம் அளவு பாரத்தோடு தட்டில் இறங்கும், பாரத்தைக் கூட்டிக் குறைக்கப் பின்பக்கம் எடைக்கட்டியும் இருக்காது. நல்ல மேக்னெட்டிக் காட்ரிஜ் ஒன்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை கிராம் வரை போதும். உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கர் அதே பெட்டியை அதிர வைப்பதால் அந்த அதிர்வும் ஊசி வழியாகப் பதிவுக்குள் வந்துவிடும். அப்பா இத்தனை வருஷம் காப்பாற்றிய தட்டுகளை இப்படி ஒரு சாமானில் ஓட்ட வேண்டாம்.

தேவையானது மூன்றுதான்: பாரம் சரிசெய்யக்கூடிய ஒரு டேர்ண்டேபிள், ஒரு போனோ ப்ரீஆம்ப், கணினிக்குச் சத்தத்தை எடுத்துச்செல்லும் ஒரு யூஎஸ்பி ஓடியோ இன்டர்பேஸ். ஓடியோ டெக்னிக்காவின் எல்பி120எக்ஸ் யூஎஸ்பி மாதிரி ஒன்று கிடைத்தால் இந்த மூன்றும் ஒன்றாகவே வந்துவிடும், நிமிடத்துக்கு 78 சுற்று வேகமும் அதில் உண்டு. கொழும்பில் பாவித்த பழைய ஜப்பான் டேர்ண்டேபிள் நல்ல நிலையில் கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம், ஆனால் ஊசியைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஊசியை நம்பித் தட்டை வைப்பது தட்டைச் சுரண்டக் கொடுப்பதுதான்.

ப்ரீஆம்ப் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். காட்ரிஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு தட்டு வெட்டும்போதே தாழ்ந்த சுருதிகளைக் குறைத்து, உயர்ந்தவற்றைக் கூட்டித்தான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் ஒன்றோடொன்று முட்டிவிடும். 1954 அளவில் ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவு பொதுவாக வந்தது. ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சமப்படுத்துகிறது. ப்ரீஆம்ப் இல்லாமல் நேரே கணினியில் செருகினால் மெலிந்து தகரம் மாதிரிக் கேட்கும். டேர்ண்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கும்போது வெளியேயும் ஒன்று போட்டால் இரண்டு தரம் பெருகி உடைந்து கேட்கும். பின்பக்கம் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

உங்கள் பெட்டிக்கென்று இன்னும் இரண்டு விஷயம். லவுட்ஸ்பீக்கர் செட்காரர்கள் ஊசி தாண்டாமல் இருக்க ஆர்மின் தலையில் சில்லறைக்காசு வைப்பார்கள். அப்படி ஓடின தட்டில் பள்ளத்தின் ஒரு மட்டம் தேய்ந்திருக்கும், ஆனால் முழுதாகத் தேய்ந்திருக்காது. எலிப்டிகல், மைக்ரோலைன் போன்ற மெல்லிய முனை ஊசி பள்ளத்தில் வேறொரு உயரத்தில் உட்காருவதால், பழைய ஊசி தொடாத சுவரை அது வாசிக்கும். கரகரப்பு அப்படியே பாதியாகக் குறைந்ததை நான் கேட்டிருக்கிறேன், எந்த மென்பொருளும் அந்த அளவுக்குச் செய்யாது. அடுத்தது, பெட்டியில் கனமான, கொஞ்சம் தடித்த, விழுந்தால் ஓடு மாதிரி உடைகிற தட்டுகள் இருந்தால் அவை ஷெல்லாக், 78 வேகத் தட்டுகள். இந்தியாவில் அறுபதுகளிலும் இவை வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றின் பள்ளம் எல்பி (33⅓ வேக வினைல் தட்டு) பள்ளத்தைவிட மூன்று நான்கு மடங்கு அகலம், அதனால் 78க்கென்று தனி ஊசி வேண்டும். எல்பி ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் தேய்க்கும்.

கேள்வி: கனடாவிலிருந்து சித்தப்பா தன்னுடைய பழைய டேர்ண்டேபிளைக் கொண்டுவந்து தந்தார். ட்ரான்ஸ்போமர் போட்டுத்தான் இயக்குகிறோம், ஆனால் பாட்டு இழுபடுகிறது, பெண் குரல் ஆண் குரல் மாதிரி வருகிறது. பெல்ட் போய்விட்டதா?
– வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: பெல்டில் பிழை இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ட்ரான்ஸ்போமர் வோல்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்துச் சுற்றுகிற ஏசி மோட்டார் உள்ள பழைய பெல்ட் டேர்ண்டேபிள் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும். 33⅓ சுற்ற வேண்டியது நிமிடத்துக்கு ஏறக்குறைய 28தான் சுற்றும், சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும்.

சரிபார்ப்பது லேசு. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டு, போனில் மூன்று நிமிடம் வைத்து எண்ணுங்கள். 33⅓இல் சரியாக 100 சுற்று வர வேண்டும். உங்களுக்கு 83 அளவில் வந்தால் நான் சொன்னதுதான் காரணம். சில மொடல்களுக்கு 50 ஹேர்ட்ஸுக்கான பெரிய புல்லி வாங்கலாம், அதை மாற்றினால் போதும். கிடைக்காவிட்டால் மெதுவாகவே பதிவுசெய்து, ஒடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தை 20 சதவீதம் கூட்டுங்கள், சுருதியும் சேர்ந்து ஏறும். ப்ரீஆம்பின் சமப்படுத்தல் கொஞ்சம் இடம் மாறியிருக்கும் என்பதால் இது இரண்டாம் தரம்தான், ஆனால் பாட்டு பாட்டாக இருக்கும். இன்னொரு டேர்ண்டேபிள் வாங்குவதாக இருந்தால் டிசி மோட்டார் உள்ளதைப் பாருங்கள், அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி: மாரி மழைக்குப் பிறகு தட்டு முழுக்கப் பூஞ்சணம். துணியால் துடைத்தால் போதுமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: காய்ந்த துணியால் துடைக்கவே வேண்டாம். தூசியும் பூஞ்சணமும் பள்ளத்துக்குள் இன்னும் அழுந்தும். நமக்கு வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருப்பதால் கார்த்திகை தொடங்கித் தை வரை எதிலும் ஈரம் ஏறும், காகித உறைதான் முதலில் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த உள்ளுறையை எறிந்துவிடுங்கள், கழுவின தட்டைத் திரும்ப அதற்குள் போட்டால் மறுபடியும் வந்துவிடும். வெளியட்டையை மட்டும் நிழலில் காற்றாட விட்டுத் துடைத்து வைத்துக்கொள்ளலாம்.

கழுவுவதை வெளியில், மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம் கரையோரத்துக் கிணறு பலதும் உவர், காய்ந்தபிறகு உப்பு பள்ளத்தில் நின்று ஊசியில் படபடக்கும். வாகனக் கடையில் விற்கிற பற்றறித் தண்ணீர் நல்லது, ஆனால் அசிட் கலக்காத சுத்தத் தண்ணீரா என்று கேட்டு வாங்குங்கள். அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய மயிர்த் தூரிகையால் பள்ளத்தின் சுற்றோடு சுற்றாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. நடுவில் இருக்கிற லேபிள் நனையாமல் உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு தரம் அலசி, பாத்திரம் காயவைக்கிற தட்டியில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். வினைல் தட்டுக்கு ஐசோப்ரொபைல் அல்ககோல் கொஞ்சம் கலக்கலாம். 78 ஷெல்லாக் தட்டில் மட்டும் அல்ககோல் துளியும் படக்கூடாது, தட்டே கரைந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கச்சான் காற்றுக் காலத்தில் இதற்கு நேர்மாறு. காற்று காய்ந்து, தட்டை உறையிலிருந்து உருவும்போதே மின் ஏறித் தூசியை இழுக்கும். அந்த நாட்களில் ஓட்டுவதற்கு முன் தட்டை லேசாக ஈரம் தொட்ட மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்திருந்தால் இன்றைக்கே இறக்கி, நிமிர்த்தி நெருக்கமாக அடுக்குங்கள்.

கேள்வி: பதிவில் முழுக்க ஒரு 'ம்ம்ம்' சத்தம்.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: டேர்ண்டேபிளின் பின்னால் தனியாகத் தொங்குகிற மெல்லிய வயரை ப்ரீஆம்பின் எர்த் திருகில் இறுக்குங்கள். பத்துக்கு எட்டு தரம் அதுதான். போகாவிட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றறியில் ஓட்டுங்கள். ட்ரான்ஸ்போமர், வைபை ரௌட்டர் எதையும் காட்ரிஜுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பதியும்போது ஸ்பீக்கரை நிறுத்தி ஹெட்போனில் கேளுங்கள், ஸ்பீக்கர் சத்தம் ஊசியில் திரும்ப ஏறும்.

கேள்வி: வாப்பா வைத்திருந்த நாகூர் ஹனீபாவின் தட்டுகளைப் பதிந்துவிட்டேன். கரகரப்பை எடுக்கிற கட்டளை கொடுத்தால் பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. என்ன அளவு வைப்பது, எப்படிச் சேமிப்பது?
– வாசகர், காத்தான்குடி

பதில்: மென்பொருளில் அளவுக்கு மேல் திருகிவிட்டீர்கள். பதிந்த மூலத்தை வைத்திருக்கிறீர்கள்தானே? இல்லை என்றால் தயவுசெய்து மறுபடி பதியுங்கள். சுத்தம் செய்கிற வேலை எல்லாம் நகலில்தான் செய்ய வேண்டும், மூலத்தில் ஒரு கிளிக்கைக்கூடத் தொடக்கூடாது, நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரும்.

பதியும்போது 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் வையுங்கள். 20 நிமிடப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 690 மெகாபைட் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் இன்டர்பேஸ் 16 பிட், 48 மட்டும்தான் தரும் என்றாலும் பரவாயில்லை, தட்டில் இருப்பதை அது பெரும்பாலும் பிடித்துவிடும். அதைவிட முக்கியம் லெவல். பாட்டில் அதிகம் சத்தமான இடத்தைப் போட்டுப் பார்த்து, உச்சி −6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். ஒரு தரம் உச்சி வெட்டுப்பட்டால் திரும்பி வராது.

இனி கரகரப்பு. பாட்டு தொடங்குவதற்கு முன் ஊசி வெறுமனே ஓடுகிற அந்த இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்து, அதையே மாதிரியாகக் கொடுங்கள். குறைப்பை 6 டெசிபெல்லில் தொடங்கி, 10க்கு மேலே போகாமல் பாருங்கள். கொஞ்சம் இரைச்சல் மீதி இருந்தால் இருக்கட்டும், காது இரண்டு நிமிடத்தில் அதை மறந்துவிடும், குரல் சிதைந்ததை மறக்காது. கிளிக் எடுக்கிற கட்டளையில் இன்னும் கவனம் வேண்டும். தபேலாவின் முதல் அடி, தாளக்கட்டை, றபான் எல்லாம் கணினிக்கு ஒரு கீறல் மாதிரித்தான் தெரியும், தடித்த அளவில் விட்டால் அடியின் கூர்மையை அப்படியே வழித்துவிடும். அதனால் பெரிய 'டிக்' சத்தங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்து ஒடாசிட்டியின் ரிப்பேர் கட்டளையால் எடுங்கள். அது ஒரு தரத்தில் 128 சாம்பிள் வரைதான் வேலை செய்யும், நேரம் எடுக்கும், ஆனால் பாட்டைத் தொடாது. பழைய தட்டுகள் பலவும் மோனோ. அவற்றை ஸ்டீரியோவில் பதிந்து, பிறகு இடது, வலது இரண்டு சானலையும் ஒன்றாக்கினால் ஊசியின் மேல் கீழ் ஆட்டத்தால் வரும் இரைச்சல் தானாகவே கழிந்துவிடும். ஒரு சானல் மட்டும் மோசமாகத் தேய்ந்திருந்தால் நல்ல சானலை மட்டும் எடுங்கள்.

சேமிக்க ஃப்ளாக். எதையும் இழக்காமல் சுருக்கும். எம்பி3 போனுக்கு அனுப்ப மட்டும். மூலம் இரண்டு டிஸ்கில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில், வெள்ளம் ஏறாத இடத்தில். லேபிளையும் உறையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அதே போல்டரில் போடுங்கள். லேபிளில் இருக்கிற தட்டு இலக்கத்தையும், பாட்டு முடிந்தபின் வருகிற வெற்றுப் பகுதியில் கீறியிருக்கிற எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள், எந்த அச்சு, எப்போதையது என்று பிறகு தேடுகிறவர்களுக்கு அந்த இலக்கம்தான் ஆதாரம்.